சகலை வீட்டுக் கரண்ட் வயர்

ஒரு கரண்ட் வயரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தவன் வீட்டைப் பார்த்து, பதவியைப் பார்த்து, பிள்ளைகள் வாங்கும் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வியாதி கிடையாது என்று பெருமையாகவே இருந்தேன். அறுபது வயதுக்குப் பிறகு, திருக்கோகர்ணத்தில் என் சகலை வீட்டுக் கூடத்தில், சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒன்றரை மீட்டர் வயரைப் பார்த்ததும் வந்தது. வந்த வேகத்தில், அன்று அவர்கள் வீட்டில் சுட்ட பருப்பு வடையை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ‘சத்தம் போடாதீங்க’ என்று பிள்ளைகளிடம் சொல்லியே சம்பளம் வாங்கினார். ஃபேன் சுற்றுவதையும் பக்கம் புரளுவதையும் தவிர அந்தக் காதுக்குள் வேறொன்றும் போயிருக்காது. கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பது போல வைத்திருந்தார் காதை. நான் அரசு பஸ் டிரைவர். புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் நடுவில் என் பாதி ஆயுள் ஓடியது. இடது கைப் பக்கம் இன்ஜின், வலது கைப் பக்கம் ஜன்னல். எதிரே வருகிற லாரி ஒவ்வொன்றும் என் வலது காதுக்கு நேராக ஏர் ஹாரனை அடித்துவிட்டுத்தான் தாண்டும்.

அப்படியும் எங்கள் டிப்போவில் என் காதுக்குத் தனி மரியாதை. வண்டி உள்ளே நுழையும்போதே எது உரசுகிறது, எது லூஸாக ஆடுகிறது என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, “அண்ணே, கொஞ்சம் வந்து காதைக் குடுத்துட்டுப் போங்கண்ணே” என்று கூப்பிடுவார்கள். நான் கேட்டுச் சொன்னது தப்பினதில்லை. எனக்குப் படிப்பு கம்மி, நிறமும் உயரமும் சுமார்தான், பேச்சில் கோபம் முந்திக்கொண்டு வரும். காது ஒன்றுதான் ஊரறிய என் சொத்து.

அதனால்தான் ஓய்வு பெற்றதும் நல்ல பாட்டு செட் ஒன்று வாங்கினேன். ஒரு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். திருமயத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. வந்தவர்களை எல்லாம் நடு நாற்காலியில் உட்காரவைத்து, “கண்ணை மூடுங்க. மிருதங்கம் எங்கிட்டு இருந்து வருது, வயலின் எங்கிட்டு இருந்து வருதுன்னு சொல்லுங்க” என்று பரீட்சை வைப்பேன். சகலையையும் உட்காரவைத்தேன். அவர் கண்ணை மூடினார், உடனே திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் ஆயிரம் கேள்வி கேட்டுச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து அதே ஆம்ப்ளிஃபயரையும் அதே ஸ்பீக்கரையும் வாங்கிவிட்டார். நிறம்கூட அதேதான். நான் காட்டித்தானே இந்த மனுஷனுக்கு இதெல்லாம் தெரிந்தது என்று எனக்கு அப்போது சந்தோஷம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று நானும் என் மனைவியும் போனோம். வாசல் கேட்டைத் திறக்கும்போது கொழுந்தியாள் காம்பவுண்ட் மூலையில், புல்கூட இல்லாத இடத்தில், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அங்கிட்டு என்னம்மா செடி வச்சிருக்க?”

“செடி இல்ல மச்சான், எர்த்துக் குழி. வெயில் காலத்துல காயவிடக் கூடாதுன்னு வயர்மேன் சொல்லிட்டுப் போனாரு. வாங்க, உள்ள வாங்க.”

கரண்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீடு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அந்தச் சிரிப்பு கூடத்தோடு நின்றது.

செட்டோடு கொடுத்த வயரை அவர் கழற்றிவிட்டிருந்தார். அந்த இடத்தில் பெருவிரல் தடிமனில், கறுப்பு நூல் பின்னிய உறை போட்ட வயர் ஒன்று. சுவரில் சொருகுகிற பிளக் தங்க நிறத்தில் மின்னியது. வயரின் இரண்டு முனையிலும் கறுப்பாக உருளை ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. லேப்டாப் சார்ஜர் வயரில் புடைத்துக்கொண்டு இருக்குமே, அந்த மாதிரி. கரண்டோடு சேர்ந்து வருகிற இரைச்சலை அது பிடித்து நிறுத்திவிடுமாம். இதெல்லாம் போகட்டும். வயர் தரையில் படவில்லை. சின்னச் சின்ன மரத்தாங்கி நாலு செய்து, அவற்றின் மேல் வயரைப் படுக்கவைத்திருந்தார்.

“தரையில கெடந்தா என்ன சகலை?” என்றேன்.

“தரையோட அதிர்வு வயருக்கு ஏறக் கூடாதுங்கறாங்க. படிச்சேன். நெசமா பொய்யான்னு தெரியல. கெடக்குது, பாக்க அழகா இருக்குல்ல.”

அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான். பெருமையடித்தால் நாம் மட்டம் தட்டலாம். அந்த வாய்ப்பையும் கொடுக்க மாட்டார்.

பாட்டைப் போட்டார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். எங்கள் வீட்டில் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது. ஒரு நூல் வித்தியாசம் இல்லை. சரி, வயராவது மண்ணாவது என்று நிம்மதியாகக் கண்ணைத் திறக்கிறேன், பக்கத்தில் என் மனைவி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“எம்புட்டுத் தெளிவா இருக்கு! நம்ம வீட்டுல இப்படி இல்லையேங்க” என்றாள்.

சகலை தரையைப் பார்த்தார். கொழுந்தியாள் வடைத் தட்டை நகர்த்தினாள். எல்லாரும் என் வாயையே எதிர்பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. காதுக்காரன் நான்தானே. “ஆமா, கொஞ்சம் வித்தியாசம் தெரியுது” என்றேன். என் காது விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

திரும்பும்போது பஸ்ஸிலும் அவள் அதையே சொன்னாள். கட்டினவன் ஒழுங்காக ஒன்று செய்தால் கண்ணில் படாது, தங்கச்சி வீட்டில் துரும்பு அசைந்தாலும் அதிசயம் என்று எரிந்து விழுந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள் சொன்னது மட்டும் கவலையில்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? ஒன்று, அவள் சும்மா சொல்கிறாள். இல்லையென்றால் என் காது போய்விட்டது. இரண்டாவதை நினைக்கவே நான் தயாராக இல்லை. அதனால் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். சகலை ஏதோ வித்தை செய்திருக்கிறார், என்னிடம் மறைக்கிறார்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் திருமயம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே போன் போட்டேன். மதுரை வண்டிகளும் காரைக்குடி வண்டிகளும் போட்டி போட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“சகலை, நெசத்தைச் சொல்லுங்க. செட்டுல என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யல சகலை. எல்லாம் பேஸ்தான். பேஸ் மாறிக் கெடந்துச்சு. அதை நேராக்குனதும்…” அதற்கு மேல் ஒரு பஸ் வந்து விழுங்கிவிட்டது. எனக்கு அது போதும்.

பேஸ் என்றால் எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் பாட்டு போட்டால் பின் சீட்டுக் காலேஜ் பிள்ளைகள், “டிரைவர் அண்ணே, பேஸ் ஏத்துங்க” என்று கத்துவார்களே, அது. நெஞ்சில் வந்து தும் தும் என்று இடிக்குமே, அது. ஆக, அந்தத் தடி வயர் பேஸைச் சரிசெய்கிறது. அதைத்தான் என் மனைவி தெளிவு என்கிறாள். ரகசியத்தைக் கறந்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

வயர் ஆன்லைனில் வந்தது. சகலையுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமனாகப் பார்த்துத்தான் வாங்கினேன். அவர் கறுப்பு உருளை இரண்டு போட்டிருந்தார், நான் எட்டு போட்டேன். அவர் வீட்டில் தாங்கி நாலு. நான் தச்சரிடம் தேக்கில் ஆறு சொன்னேன். வயர் வைக்க என்று சொல்ல வெட்கப்பட்டு, சாமி படம் நிறுத்த என்று சொன்னேன். அவர் பக்தியோடு ஒவ்வொன்றின் காலிலும் தாமரை செதுக்கிக் கொடுத்துவிட்டார். மின்கம்பத்திலிருந்து அவ்வளவு தூரம் சாதாரணக் கம்பியில் வருகிற கரண்ட், கடைசி ஒன்றரை மீட்டரில் தாமரை மேல் ஏறி வந்தால் என்ன மாறிவிடும் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. வண்டி ஓட்டியவனுக்கு அவ்வளவு அறிவு உண்டு. ஆனால் அவர் வீட்டில் இருக்கிறதே. அதற்கு மேல் அறிவு வேலை செய்யவில்லை.

என் மனைவி விளக்குமாற்றோடு வந்து நின்று பார்த்தாள்.

“கரண்டு வயருக்குக் கட்டில் போட்டிருக்கீங்க. மெத்தை எப்ப வருது?”

ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை முக்கால் திருகு திருகினேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அடுத்த ஞாயிறு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

சாப்பாடு ஆனதும் சகலையை நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். கொழுந்தியாளும் என் மனைவியும் பாயில் உட்கார்ந்தார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு, பாட்டை ஆரம்பிக்காமல், வயரைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். சகலை என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். அவருக்கும் வயிறு எரிகிறது என்று எனக்கு ஒரே குளிர்ச்சி. பாட்டைப் போட்டேன். தும் தும் என்று நடுவீடு குலுங்கியது.

“எப்படி சகலை, பேஸ்?”

“பேஸா?”

“நீங்கதானே சொன்னீங்க. பேஸ் மாறிக் கெடந்துச்சு, நேராக்குனேன்னு. நானும் நேராக்கிட்டேன்ல.”

அவர் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். அவர் மெதுவாகப் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

“அது இந்தப் பேஸ் இல்ல சகலை. கரண்டுல வருமே, சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ், அந்தப் பேஸ். பிளக் பாயிண்டுல வலது ஓட்டைக்கு வரவேண்டியது எடது பக்கம் மாறி வந்திருந்துச்சு. எர்த்தும் இல்ல. வயர்மேன் அதை மாத்திக் குடுத்தாரு. அதுக்கு முந்தி எங்க வீட்டுலயும் ஒங்க வீடு மாதிரியே கொய்ங்னு…”

அங்கே நிறுத்திக்கொண்டார். நிறுத்திய வேகத்திலேயே ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. எங்கள் ஊரில் மோட்டார் வைத்திருக்கிற வீட்டில் தினமும் “பேஸ் போச்சு, பேஸ் மாத்திப் போடு” என்று கத்துவார்கள். நானே கத்தியிருக்கிறேன். அந்தச் சாதாரண வார்த்தைகூட எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. ஆனால் அப்போது என் மனசு அதில் இல்லை.

“எங்க வீடு மாதிரின்னா? எங்க வீட்டுல என்ன கொய்ங்?”

என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

“அதான், செட்டைப் போட்டதும் வருமேங்க. எப்பவும் வர்றதுதானே. வண்டு மாதிரி.”

“எப்பவுமா?”

“வாங்குன நாள்லேர்ந்து. இப்பக்கூட வருதே.”

நான் காதைத் தீட்டினேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது கேட்டது. ஃபேன் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் இல்லை.

“ரெண்டு வருஷமா ஏன்டி சொல்லல?”

“ஒங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கு என்ன தெரியும்? வெலை ஒசந்த செட்டு அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். பஸ்ஸுன்னா இன்ஜின் சத்தம் இருக்கும்ல, அது மாதிரின்னு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்குகிறீர்களா, என் காதைப் பற்றி எனக்கே சொல்லித்தருகிறீர்களா என்று கத்தினேன். எழுந்து போய் ஸ்பீக்கரில் மேலே இருக்கும் சின்ன வட்டத்தில் வலது காதை ஒட்டிவைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடது காதை வைத்தேன். ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. நிமிர்ந்தால் கொழுந்தியாள் தூரத்தில் பாயில் உட்கார்ந்தபடி காதருகே விரலைச் சுழற்றி, அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று அக்காளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் கையை இறக்கிவிட்டாள். அத்தனை தூரத்தில் அவளுக்குக் கேட்கிறது. ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்குக் கேட்கவில்லை.

சகலை என் டூல் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்துவந்து பிளக் பாயிண்டின் இடது ஓட்டையில் வைத்தார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. மெயினை நிறுத்தச் சொல்லி, போர்டைக் கழற்றினார். இரண்டு கம்பியும் இடம் மாறித்தான் இருந்தன. எர்த் கம்பியை வயரிங் செய்தவர் எதிலும் சேர்க்காமல் மடக்கி உள்ளே சொருகியிருந்தார். சகலை கம்பிகளை மாற்றி, எர்த்தை அதன் இடத்தில் இறுக்கி, போர்டை மூடினார். நூலகத்தில் புத்தகத்தை அதன் தட்டில் திருப்பி வைப்பது போல அத்தனை நிதானம். அந்த நிதானத்தின் மீதும் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு பேஸ் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு மெயினைப் போடச் சொன்னார்.

“நின்னுருச்சு!” என்று என் மனைவி கத்தினாள். கொழுந்தியாள் கையைத் தட்டினாள்.

எனக்கு எதுவும் நிற்கவில்லை. முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தது. எட்டு உருளை, ஆறு தாமரை, தடி வயர் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றால் ஆகாதது ஒரு ஸ்குரூ டிரைவரால் ஆகிவிட்டது, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது சகலை பெண்களுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். “நல்ல கேபிளாப் பாத்து வாங்கியிருக்கீங்க சகலை. பாயிண்டு சரியில்லாம அதோட அருமை தெரியாமப் போச்சு. எங்க வீட்டைவிட இங்க நல்லாவே இருக்கு.”

பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாள் கண்ணை மூடி உடனே திறந்தாரே, அப்போதே அவருக்குக் கேட்டிருக்கிறது. என் முகத்தைப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லை என்பதையும் அப்போதே புரிந்துகொண்டிருப்பார். இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்து அவர் செவிடாகியிருந்தால், சாயங்காலத்துக்குள் திருக்கோகர்ணம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பேன். காது போகட்டும். மூடி மறைத்து அடுத்தவன் மானத்தைக் காப்பாற்றுகிற அந்தக் குணம் எனக்கு வராது. அன்று எனக்கு அவர் மேல் வந்த பொறாமை, வயரைப் பார்த்து வந்ததைவிட அதிகம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க” என்றுதான் வாயில் வந்தது.

அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடு நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். செட் வந்த நாளிலிருந்து நான் சுவிட்சைப் போட்டால் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், துணி மடிக்கிறேன், கீரை ஆய்கிறேன் என்று ஏதாவது சொல்லி. இவளுக்குப் பாட்டு என்றாலே பிடிக்காது, ரசனை இல்லாத ஜென்மம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டுச் சத்தத்துக்குப் பயந்து அவள் ஓடியிருக்கிறாள். இப்போது கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, நான் வந்தது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. என் செட், என் நாற்காலி, ஆனால் அவள் கேட்கிற பாட்டு எனக்குக் கிடைக்காது. சகலை மேல் இருந்த பொறாமை முழுவதும் அப்படியே அவள் மேல் திரும்பியது. கட்டின பெண்டாட்டியின் காதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பாடுறவுக வரிக்கு வரி மூச்சு இழுக்குறதுகூடக் கேக்குதுங்க. ஒங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் வால்யூமைக் கூட்டி வைத்தாள்.